ஜப்பானிய ஹோஸ்ட் கிளப் படங்களில் யார் யாருக்குக் கடன்பட்டிருக்கிறார்கள்?

கேள்வி இது: டோக்கியோவின் இரவுக் கேளிக்கைப் பகுதியான கபுகிச்சோ பக்கத்து ஹோஸ்ட் பையன்கள் (மதுக்கடையில் பெண் வாடிக்கையாளர்களை உபசரிப்பவர்கள்), கியபகுராப் பெண்கள் (ஆண் வாடிக்கையாளர்களை உபசரிப்பவர்கள்) பற்றிய சின்ன பட்ஜெட் ஜப்பானியப் படங்களைப் பார்த்தால் பாதி விளங்குவதில்லை. குடித்தவள் அவள், காசு கட்டாமல் ஓடினால் மாட்டிக்கொள்வது ஏன் அவன்? விடிந்ததும் கடை திறக்கிறார்களே, எதற்கு? மாதக் கடைசி வந்தால் எல்லாருக்கும் ஏன் பேய் பிடிக்கிறது? இதெல்லாம் சினிமாக்காரர்கள் கட்டிவிட்ட கதையா?

பெரும்பகுதி உண்மைதான். உள்ளூர்ப் பார்வையாளருக்குத் தெரிந்திருக்கும் என்று நம்பி இந்தப் படங்கள் விளக்காமல் விடுவது அந்தக் கடைகளின் கணக்கு முறையை. அது தெரியாதவருக்குப் படம் ஒரு அபத்தமான காதல் கதையாகத் தெரியும். தெரிந்துவிட்டால், யார் யாருக்கு எவ்வளவு, எந்தத் தேதிக்குள் தரவேண்டும் என்பதுதான் ஒவ்வொரு காட்சியையும் தள்ளிக்கொண்டு போகிறது என்று பிடிபடும்.

முதலில் கடையின் வகை. ஹோஸ்ட் கிளப்பில் உபசரிப்பவர்கள் ஆண்கள், காசு கொடுப்பவர்கள் பெண்கள். கியபகுராவில் அது தலைகீழ். 1980களில் பரவிய வகை, மணிக்கணக்கில் கட்டணம். டோக்கியோவின் பணக்காரக் கடைவீதிப் பகுதியான கின்சாவின் பழைய கிளப்புகள் வேறு ரகம்: ஏற்கெனவே வரும் ஒருவர் அறிமுகப்படுத்தினால்தான் உள்ளே போகலாம், பில்லை அங்கேயே நீட்டுவதும் அநாகரிகம். ஆனால் சட்டத்தின் கண்ணில் மூன்றும் ஒன்றே. வாடிக்கையாளர் பக்கத்தில் உட்கார்ந்து, ஊற்றிக் கொடுத்து, பேசி மகிழ்வித்தால் அது 'உபசாரம்'. 1948-ல் வந்த கேளிக்கைத் தொழில் சட்டப்படி அதற்கு மாகாணப் பொதுப் பாதுகாப்பு ஆணையத்தின் உரிமம் வேண்டும், விண்ணப்பம் போலீஸ் நிலையம் வழியாகப் போகும்.

படத்தில் நீங்கள் பார்க்கும் பல விஷயங்கள் இந்த உரிமத்தின் நிபந்தனைகளிலிருந்து வருபவை. நள்ளிரவுக்கு மேல் கடை நடத்தக்கூடாது. கபுகிச்சோ போன்ற குறிப்பிட்ட பகுதிகளில் ஒரு மணி வரை அனுமதி. பழைய சட்டத்தில் தடை சூரிய உதயம் வரை இருந்தது, இப்போது காலை 6 மணி வரை. ஆகவே இரவில் மூடிவிட்டு விடிந்ததும் மறுபடி திறப்பது சட்டத்துக்குள் கிடைத்த வழி. ஜப்பானியத்தில் அதற்கு 'உதய வியாபாரம்' என்றே பெயர். அந்த நேரத்தில் வரும் பெண்களில் பலர் தாங்களே இரவு வேலை முடிந்து வருபவர்கள். சோபாவின் முதுகு ஏன் அவ்வளவு தாழ்வாக இருக்கிறது? பார்வையை மறைக்கும் தடுப்பு கூடாது என்பது விதி, சுமார் ஒரு மீட்டரைத் தாண்டினால் போலீஸ் ஆட்சேபிக்கும். ஒன்றுக்கு மேற்பட்ட அறைகள் இருந்தால் ஒவ்வொன்றும் 16.5 சதுர மீட்டருக்குக் குறையக்கூடாது, வெளிச்சம் 5 லக்ஸுக்கு (ஒளியின் அளவு) மேல் இருக்கவேண்டும், உள்ளறைக் கதவில் பூட்டு கூடாது. பூட்டிய விஐபி அறையில் நடக்கும் காட்சி வந்தால் அது இயக்குநரின் கற்பனை, இல்லையென்றால் அந்தக் கடை சட்டத்தை மீறுகிறது என்று காட்டுகிறார்.

பெண்கள் கவுன்டருக்குப் பின்னால் நின்றே பேசும் கடை வந்தால் அது கேர்ள்ஸ் பார். அதற்கு உபசார உரிமம் இல்லை, பின்னிரவு மது விற்பனைக்கான அறிவிப்பு மட்டும். அதனால் விடிய விடியத் திறந்திருக்கலாம், ஆனால் பக்கத்தில் உட்காரக்கூடாது. அவள் கவுன்டரைச் சுற்றி வந்து வாடிக்கையாளர் அருகே உட்கார்ந்தால் அது உரிமமில்லாத உபசாரத் தொழில். கதையில் போலீஸ் பின்னால் வரப்போகிறது என்பதற்கு அந்த இரண்டடி நடையே போதும்.

இனி மேஜை. முதன்முறை வரும் பெண்ணுக்குக் கட்டணம் மிகக் குறைவு, சில கடைகளில் இலவசம், பொதுவாகச் சில ஆயிரம் யென். ஒன்றரை மணி நேரத்தில் பத்துப் பேர்வரை மாறி மாறி வந்து விசிட்டிங் கார்டு கொடுத்துப் போவார்கள். கிளம்பும்போது அவள் ஒருவனைத் தேர்ந்தெடுக்கவேண்டும், அவன்தான் வாசல்வரை கொண்டுவந்து விடுவான். அடுத்த முறை அவள் அவன் பெயரைச் சொல்லி வந்துவிட்டால் அவன் அவளுடைய 'தந்தோ', அதாவது பொறுப்பாளி. பெரும்பாலான ஹோஸ்ட் கிளப்புகளில் இந்தத் தேர்வை அந்தக் கடைக்குள் மாற்றவே முடியாது. அவன் வேலையை விட்டுப் போனால்தான் அவள் வேறொருவனிடம் போகலாம். இன்னொருவனுடைய வாடிக்கையாளருடன் ரகசியமாகப் பேசிப் பழகுவது கடைக்குள் மிகப்பெரிய குற்றம், அபராதம் உண்டு, வேலையும் போகும். இரண்டு நண்பர்கள் திடீரென்று கழிப்பறையில் அடித்துக்கொள்ளும் காட்சி உங்களுக்குப் பொறாமையாகத் தெரிந்திருக்கும். அங்கே அது திருட்டுப் புகார்.

தந்தோ எப்போதும் அவள் பக்கத்தில் இருக்கமாட்டான். ஒரே நேரத்தில் நாலைந்து மேஜைகள் அவனுக்கு இருக்கும். இடைவெளியை நிரப்புபவர்கள் 'ஹெல்ப்' என்ற இளையவர்கள். இவர்கள் சோபாவில் உட்காராமல் எதிரே சிறு முக்காலியில் உட்காருவார்கள், கண்ணாடிக் கோப்பையை அவளுடையதைவிடத் தாழ்த்தி இடிப்பார்கள், கோப்பையின் வியர்வையைத் துடைப்பார்கள், சாம்பல் கிண்ணத்தை மாற்றுவார்கள், அவள் கழிப்பறை போய்த் திரும்பினால் ஈரத்துண்டு நீட்டுவார்கள். முக்கியமான வேலை, பாட்டிலைக் காலி செய்வது. பாட்டில் தீர்ந்தால்தான் அடுத்தது வரும். படத்தின் முதல் அரைமணியில் புதுப்பையன் வாந்தியெடுக்கும் காட்சி தவறாமல் வருவது இதனால்தான். நடிகர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பதைக் கவனியுங்கள்: முக்காலியிலிருந்து சோபாவுக்கு அவர் மாறும் காட்சி, வசனமே இல்லாவிட்டாலும், பதவி உயர்வு.

பணத்துக்கு வருவோம். ஒரு மாதிரிக் கணக்கு. தொகைகள் கடைக்குக் கடை மாறும், அமைப்பு ஏறத்தாழ இதுதான். மேஜைக் கட்டணம் 5,000 யென், பெயர் சொல்லி அழைத்ததற்கு 3,000, ஷாம்பேன் ஒன்று 50,000 (வெளியே மதுக்கடையில் அதன் விலை இதில் சிறு பங்குதான்). கூட்டினால் 58,000. இதன்மேல் 'டாக்ஸ்' என்று ஒன்று போடுவார்கள். அரசுக்குப் போவது அதில் ஒரு பகுதி, மீதி கடையின் சேவைக் கட்டணம். 35 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 20,300. மொத்த பில் 78,300 யென். ஹோஸ்டுக்குப் பாதிப் பங்கு என்றால் பல கடைகளில் அது 'டாக்ஸ்' சேர்க்காத தொகையில் பாதி, 29,000. அவள் அன்றைக்குப் பணம் வைத்திருக்கவில்லை என்றால் ஒரு நீலச் சீட்டில் கையெழுத்துப் போடுவாள் (கபுகிச்சோவில் 2024 வரையான முறை இது). அடுத்த மாத ஆரம்பத்தில், கடை சொல்லும் தேதிக்குள் கட்டவேண்டும்.

கட்டாவிட்டால்? மளிகைக்கடையில் பற்று எழுதினால் பாக்கிக்குப் பொறுப்பு கடை முதலாளி. இங்கே பொட்டலம் கட்டிக் கொடுத்த பையன். 78,300 முழுவதும் அவன் சம்பளத்திலிருந்து பிடிக்கப்படும். 29,000 சம்பாதிக்க நினைத்தவன் 78,300 கடனாளி ஆகிறான். வாடிக்கையாளர் ஓடிப்போவதை அங்கே 'பறந்துவிட்டாள்' என்பார்கள். அவன் அவள் வீட்டு வாசலில் இரவு முழுக்க நிற்பதும், நூறு முறை போன் அடிப்பதும் எதனால் என்று கேட்டால் பதில் இந்தக் கணக்கில் இருக்கிறது. சில படங்களில் அவன் அவளை நேசிக்கவும் செய்கிறான். அந்தப் படங்கள்தான் பார்க்கத் தகுந்தவை, ஏனென்றால் அப்போது அவனுக்கே எது எது என்று தெரிவதில்லை.

மாதக் கடைசி வந்தால் ஏன் பேய் பிடிக்கிறது என்பதும் இங்கிருந்தே. ஹோஸ்டுகளின் விற்பனைத் தரவரிசை மாதத்துக்கு ஒருமுறை மூடப்படும். அந்த நாளில் முதலிடத்துக்கும் இரண்டாம் இடத்துக்கும் இடையே சில லட்சம் யென்தான் வித்தியாசம் என்றால், இரண்டு மேஜைகளில் இருக்கும் இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே பாட்டில் ஏற்றுவார்கள். விலையுயர்ந்த பாட்டில் திறந்தால் எல்லா ஹோஸ்டுகளும் கூடி மைக்கில் கத்திப் பாடும் ஷாம்பேன் கால், வாங்கியவளிடம் மைக்கைக் கொடுத்து ஒரு வார்த்தை பேசச் சொல்வது, கோப்பைகளை அடுக்கிய ஷாம்பேன் கோபுரம் எல்லாம் இந்தப் போட்டிக்கான கருவிகள். கோபுரத்துக்குப் பல லட்சம் முதல் பத்து லட்சம் யென்னுக்கு மேலேயும் ஆகும், பிறந்தநாளுக்கு மாதங்கள் முன்பே பேசி வைப்பார்கள். மைக்கில் அவள் பேசும் வார்த்தை அவனுக்குச் சொல்வது போல இருந்தாலும் எதிர் மேஜைக்குத்தான். கடை மூடும்போது அன்றைக்கு அதிகம் விற்றவன் ஒரு பாட்டுப் பாடுவான். யார் பாடுகிறார்கள் என்பதே அன்றைய விற்பனை முடிவு. வசன வரியில் பாட்டை மட்டும் மொழிபெயர்த்துவிட்டு இதைச் சொல்லாமல் விடுவது வழக்கம்.

அவளுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் இந்தப் படங்களின் இருட்டு. ஜேக் கிளென்னல் 2006-ல் எடுத்த ஒசாகா ஹோஸ்ட் கிளப் ஆவணப்படம் 'தி கிரேட் ஹேப்பினஸ் ஸ்பேஸ்' இதை நேராகவே காட்டியது: அதில் பேசும் வாடிக்கைப் பெண்களில் பலர் தாங்களே பாலியல் தொழில் செய்து சம்பாதித்ததை ஹோஸ்டிடம் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். நடுவில் 'ஸ்கவுட்' என்ற ஆள் உண்டு. பாக்கி வைத்திருக்கும் பெண்ணைப் பாலியல் கடைக்கு அறிமுகப்படுத்தினால், அவள் வேலை செய்யும் காலமெல்லாம் அவள் சம்பாத்தியத்தில் ஒரு பங்கைக் கடை அவனுக்குத் தந்துவந்தது (2025 முதல் இது தடை). ஹோஸ்டும் ஸ்கவுட்டும் தெருவில் ஐந்து வினாடி தலையசைத்துக்கொண்டால் அதைத் தவறவிடாதீர்கள்.

இந்தக் கடன் புதிதல்ல, கையெழுத்துப் போடும் ஆள்தான் மாறியிருக்கிறார். பழைய முறையில் தகப்பன் முன்பணம் வாங்குவான், மகள் மதுக்கடையில் வேலை செய்து தீர்ப்பாள். 1955 அக்டோபர் 7 அன்று ஜப்பான் உச்ச நீதிமன்றம், 16 வயது நிரம்பாத ஒரு பெண்ணை வைத்து வாங்கிய அப்படிப்பட்ட முன்பணம் பற்றிய வழக்கில், வேலை ஒப்பந்தம் மட்டுமில்லை, கடனும் செல்லாது, திருப்பிக் கேட்க முடியாது என்று தீர்ப்பளித்தது. அடுத்த மார்ச்சில் கென்ஜி மிசோகுச்சியின் கடைசிப் படம் 'அகாசென் சிதாய்' வெளிவந்தது: டோக்கியோவின் பழைய விபச்சாரப் பகுதியான யோஷிவாராவின் ஒரு விடுதி, அதில் உள்ள பெண்கள், வெளியே நாடாளுமன்றத்தில் விபச்சாரத் தடைச் சட்டம் பற்றிய விவாதம். அங்கே தப்பித்துக் கரையேறுபவள் சக பெண்களுக்கே வட்டிக்குக் கடன் கொடுப்பவள். அதே ஆண்டு மே மாதம் சட்டம் நிறைவேறியது, தண்டனைப் பிரிவுகள் 1958 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தன. மிக்கியோ நருசே 1960-ல் எடுத்த 'ஒன்னா கா கைதான் ஓ அகரு தோகி' கின்சா பாரில் நடக்கிறது. அங்கே நாயகியின் தலையில் இருப்பது வாடிக்கையாளர்களின் பாக்கி வசூல், செத்துப்போன தோழியின் வீட்டுக்கே கடன்காரர்கள் வந்து நிற்கிறார்கள். இன்றைய ஹோஸ்ட் படங்களைப் பார்க்கும் முன் அந்தப் படத்தைப் பார்ப்பது எந்த விளக்கக் கட்டுரையையும்விட உதவும்.

ஊழியர் வாடிக்கையாளரின் பாக்கிக்குப் பொறுப்பேற்பது செல்லுமா என்ற கேள்வியும் நீதிமன்றம் போயிருக்கிறது. 1986 நவம்பரில் ஒரு கிளப் ஹோஸ்டஸ் கொடுத்த உத்தரவாதத்தைப் பற்றி, அந்த வழக்கின் சூழ்நிலையில் அது பொது ஒழுங்குக்கு விரோதமானதல்ல என்றது உச்ச நீதிமன்றம். இன்னொரு நுணுக்கம்: குடித்த பாக்கியைக் கேட்கும் காலவரம்பு முன்பு ஒரே ஆண்டு. 2020 ஏப்ரலில் குடியியல் சட்டம் திருத்தப்பட்டபின் பொதுவாக ஐந்து ஆண்டுகள். பழைய படங்களில் வசூலுக்கு ஏன் அவ்வளவு அவசரம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கியபகுராப் பெண்களின் கதை கொஞ்சம் வேறு. அவர்களுக்கு மணிக்கூலி உண்டு. சேர்ந்த முதல் சில மாதங்கள் உத்தரவாதக் கூலி, பிறகு பெயர் சொல்லி வரும் வாடிக்கையாளர் எண்ணிக்கைப்படி ஏறி இறங்கும். கடை திறக்கும் முன் வாடிக்கையாளருடன் வெளியே சாப்பிட்டு அவரையே கூட்டிக்கொண்டு உள்ளே நுழைவது 'தோஹான்'. மாதத்துக்கு இத்தனை என்று இலக்கு இருக்கும், தவறினால் அபராதம். தாமதத்துக்கு அபராதம், சொல்லாமல் விடுப்பு எடுத்தால் பெரிய அபராதம், தலைமுடி அலங்காரத்துக்கும் வீட்டுக்கு விடும் காருக்கும் பிடித்தம். தொழிலாளர் நிலைச் சட்டத்தின் 91-ஆம் பிரிவுப்படி ஒரு தவறுக்கு ஒருநாள் சராசரிக் கூலியில் பாதிக்கு மேல் பிடிக்கக்கூடாது, எல்லாம் சேர்ந்து அந்தச் சம்பளத் தவணையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. முன்கூட்டியே தொகை குறித்த தண்டம் 16-ஆம் பிரிவில் தடை. நீ தொழிலாளி இல்லை, தனி வியாபாரி என்று சொல்லித்தான் கடைகள் இதிலிருந்து நழுவப் பார்க்கும்.

சம்பள உறை காட்சி வந்தால் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஹோஸ்டஸ் ஊதியத்தில் நாளுக்கு 5,000 யென் கழித்து மீதியில் 10.21 சதவீதம் வரி பிடிப்பார்கள். வேலைக்கு வந்த நாள்கள் மட்டுமில்லை, தவணையின் எல்லா நாள்களையும் எண்ணவேண்டும் என்று 2010 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 30 நாள் மாதத்தில் 4 லட்சம் யென் சம்பாதித்தவளுக்கு 1.5 லட்சம் கழிவு, மிச்சம் 2.5 லட்சத்தில் வரி 25,525 யென். மொத்தச் சம்பளத்திலும் பத்து சதவீதம் வெட்டி, அதை 'வரி' என்று சொல்லும் மேனேஜர் வந்தால், 14 ஆயிரம் யென் சொச்சம் யார் பைக்குப் போகிறது என்று உங்களுக்குத் தெரியும்.

படம் எந்தக் காலத்தில் நடக்கிறது என்பதையும் கணக்கு முறையே சொல்லிவிடும். யகுசா (ஜப்பானியக் குற்றக் கும்பல்) ஆள் வந்து மாமூல் வாங்கிப் போவது பழைய வழக்கம். 2011 அக்டோபருக்குள் எல்லா மாகாணங்களிலும் வன்முறைக் கும்பல் ஒதுக்கல் விதிகள் வந்துவிட்டன, 2019 அக்டோபர் முதல் டோக்கியோவின் குறிப்பிட்ட பகுதிகளில் மாமூல் கொடுக்கும் கடைக்காரருக்கும் தண்டனை. நீலச் சீட்டுப் பற்று, கபுகிச்சோ அடங்கிய ஷிஞ்ஜுகு வட்டார நிர்வாகத்தின் அழுத்தத்துக்குப் பிறகு 2024 ஏப்ரலுக்குள் ஒழிக்கப்படும் என்று கபுகிச்சோக் கடைகள் அறிவித்தன. அப்புறம் வந்தது 'முன்பணம் கட்டுதல்': கடைக்கு ஹோஸ்டே ரொக்கமாகக் கட்டிவிடுவான், அவள் அவனுக்குத் தனிப்பட்ட முறையில் கடனாளி. கடையின் ஏட்டில் பாக்கி இல்லை, அவள் கழுத்தில் இருக்கிறது.

2025 ஜூன் 28 முதல் திருத்தப்பட்ட கேளிக்கைத் தொழில் சட்டம் அமலில் இருக்கிறது. நீ வாங்காவிட்டால் நம் உறவு முறிந்துவிடும், எனக்குப் பதவி போய்விடும் என்று சொல்லி அவளுடைய காதல் உணர்வைப் பயன்படுத்தி ஆர்டர் வாங்குவது, கட்டணத்தைப் பொய்யாகச் சொல்வது, பாக்கிக்காகப் பாலியல் தொழிலுக்குத் தள்ளுவது, பெண்ணை அனுப்பியதற்குப் பாலியல் கடைகள் பங்கு கொடுப்பது எல்லாம் இப்போது தடை. உரிமமில்லாமல் நடத்தினால் நிறுவனத்துக்கு 30 கோடி யென்வரை அபராதம். கூடவே விளம்பரத்திலும் கை வைத்தார்கள்: கோடிக்கணக்கில் விற்றவன், முதலிடத்தான் என்று ஹோஸ்ட் முகங்களோடு நின்ற பிரம்மாண்டப் பலகைகளில் அந்த வாசகங்களை மறைக்கவேண்டி வந்தது. ஆகவே படத்தில் தெருவெங்கும் அந்த வாசகங்கள் பளிச்சென்று தெரிந்தால், அது 2025 கோடைக்கு முன் எடுத்தது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

படங்கள் மிகைப்படுத்துவது எங்கே? அடிதடியில். பணம் வராவிட்டால் பெரும்பாலும் நடப்பது சம்பளப் பிடித்தம், பெற்றோர் வீட்டுக்குப் போன், வக்கீல் கடிதம். இரண்டாவது, வேகம்: சினிமாவில் ஒரு வாரத்தில் அவள் கோபுரம் வாங்கிவிடுவாள், உண்மையில் அது மாதக்கணக்கான குறுஞ்செய்திகளின் பலன். குறைத்துக் காட்டுவது சலிப்பை. வாடிக்கையாளர் இல்லாத ஹோஸ்ட் நாள் முழுக்க நூறு பேருக்குச் செய்தி அனுப்பிவிட்டு, கடை ஏற்பாடு செய்த பகிர்வு அறையில் தூங்குகிறான். அதைப் படமாக்கத் துணிந்தவர்கள் குறைவு.

அதிகம் பேசப்படாத படங்களைத் தேடும்போது ஆங்கிலத் தலைப்பில் தேடினால் கிடைக்காது, பல படங்களுக்கு அது இருக்காது, இருந்தால் இரண்டு மூன்று இருக்கும். ஜப்பானிய எழுத்தில் தலைப்பையும் இயக்குநர் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள். டிவிடி வாங்குவதானால் ஜப்பான் வட்டு மண்டலம் 2, இந்தியாவின் பிளேயர் மண்டலம் 5. புளூரேயில் ஜப்பான் ஏ, இந்தியா சி. எல்லா மண்டலங்களையும் படிக்கும் பிளேயர் இல்லாமல் ஓடாது. ஜப்பானில் மட்டும் விற்கும் வட்டுகளில் ஆங்கில வசன வரி பெரும்பாலும் இருப்பதில்லை, அட்டையின் பின்பக்கத்தில் அதைப் பார்த்துவிட்டே பணம் கட்டுங்கள்.